ஓடும் ராஜாவின் அங்கி

யுத்தத்துக்கு முந்திய என் நாட்குறிப்பில் தேதி அழிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை என்பது தெளிவு. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், பஸ் வரிசையில், நாடக நடிகர் ஒருவர் தம் ராஜா அங்கியை அணைத்துப் பிடித்திருந்தார். அதைத் தைத்தவர், முன்பு ஒலிம்பிக்ஸில் ஓடியவர், விளிம்பில் கத்தரியை வைத்தார்.

“ராஜாவுக்குக் கணுக்கால் தெரியலாமா அண்ணாச்சி? சனம் சிரிக்குமே!”

“போன ஆட்டத்துல ஓடும்போது தடுக்கி விழுந்தீரே, அப்ப சிரிக்கல்லியா ஓய்?”

“இன்னைக்கும் விழுந்தா வேஷம் வேற ஆளுக்குன்னு முதலாளி சொல்லியாச்சு. ஓட்டத்துக்கு உடுப்பு அவ்வளவு முக்கியமா?”

“ஒலிம்பிக்ஸ்ல எனக்குத் தொளதொளன்னு ஒரு நிக்கர். ஒரு கையால பிடிச்சுக்கிட்டே ஓடினேன். கடைசியாக்கும் வந்தேன்.”

நடிகர் அங்கியை நீட்டினார். “இன்னும் ரெண்டு விரக்கடை ஏத்தி வெட்டுங்க.”

அன்று மாலை ராஜா விழாமல் ஓடினாரா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.