மகன்கள் என்று எழுதிய பலகை

— பலகையைக் கீழ இறக்கச் சொல்லுங்கப்பா. அப்புறம் பேசலாம்.

— நாஸ்லி, சாயங்காலம் பாதிரியார் வந்து ஜெபம் பண்ணி ஐஸ் ஆலையைத் திறக்கப் போறாரு. இப்பப் போயா மல்லுக்கு நிப்ப?

— ‘தன்னூஸும் மகன்களும்’. தன்னூஸ் நீங்க, சரி. எந்த மகன்? பாரிஸ்ல கிட்டார் வாசிச்சுக்கிட்டுத் திரியறானே, அவனா? இல்ல, பதினோரு மணிக்கு எழுந்திருச்சு காப்பி கேக்கறானே, அவனா?

— இந்தா பாரும்மா, நம்ம ஆளுங்க கடைன்னா அப்படித்தான் எழுதுவாங்க. இந்த பாரன்கியா ஊரு பூரா சுத்திப் பாரு. எந்தப் பலகையில ‘மகள்’னு இருக்கு?

— பொத்தான் ஆலை தீப்பிடிச்சப்ப மெஷினை வெளிய இழுத்துப் போட்டது யாரு? நம்ம சினிமாக் கொட்டகைக்குப் படப்பெட்டி வரலன்னு ரெண்டு நாள் ஆத்துல படகேறிப் போனது யாரு? இந்த ஐஸ் ஆலைக்கு இடம் பிடிச்சது யாரு?

— நீதான். இல்லேன்னா சொன்னேன்? ஆனா ஆரம்பிச்சது நான். பதினேழு வயசுல லெபனான்லேருந்து வந்து இறங்கினேன். ஸ்பானிஷ்ல ஒரு வார்த்தை தெரியாது. சீப்பும் ஜெபமாலையும் முதுகுல சுமந்து வீடு வீடா வித்தேன். எந்த நாட்டுக்காரன்னுகூடத் தெரியாம, ‘துருக்கிக்காரன்’னு நாயை அவுத்து விட்டானுங்க.

— தெரியும்ப்பா. தினம் சாப்பாட்டோட சேத்துப் பரிமாறறீங்களே. நாயை விட்டவன் மேல கோவம்னா அவனைப் போய்க் கேளுங்க. பலகையில என் பேரு வரணும். பத்திரத்துல பாதி எனக்கு எழுதணும். இல்லேன்னா நாளைக்கு ஆலைப் பக்கம் வரமாட்டேன்.

— பொண்ணு பேர்ல எழுதினா சொத்து இன்னொரு வீட்டுக்குப் போயிடும்மா.

— எந்த வீட்டுக்கு? நாப்பத்தொரு வயசாச்சு எனக்கு. பொண்ணு கேட்டு நம்ம வாசல்ல ஒருத்தனாவது வந்து நின்னானா?

— வராம என்ன? மூணு பேரு வந்தாங்க.

— என்ன சொன்னீங்க?

— பழைய கதை. விடு.

— யாரு வந்தா? யாமில் வந்தானா? ஈஸ்டருக்கு வந்து உங்கப்பாகிட்ட கேக்கறேன்னு சொல்லிட்டுப் போனவன், அப்புறம் முகத்தையே காட்டல. பதினெட்டு வருஷமா அவனைத் திட்டிக்கிட்டு இருக்கேன்.

— வந்தாம்மா. அவங்கம்மாவையும் கூட்டிக்கிட்டு ரெண்டு தடவை வந்தான். உனக்கு இஷ்டமில்லேன்னு சொல்லி நான்தான் அனுப்பிட்டேன். அப்பத்தான் பொத்தான் ஆலையை ஆரம்பிச்சிருந்தோம். நீ போயிட்டா அதை யாரு பாத்துக்குவா?