டாக்டர் சில்வெஸ்டரின் ஜன்னல் திரை

ஐயா, இந்தப் பக்கம் உட்காருங்கள். இங்கிருந்து பார்த்தால்தான் டாக்டர் சில்வெஸ்டரின் டிஸ்பென்சரி முழுதாகத் தெரியும். யட்டவத்தயில் யாருக்குச் சளி, யாருக்கு மூன்றாம் மாதம் என்பதெல்லாம் பதினொரு வருடமாக இங்கிருந்தே எனக்குத் தெரியும். யாரைப் பற்றியும் நான் தப்பாகப் பேசியதில்லை. தெரிந்ததைச் சொன்னேன்.

தொண்ணூற்றெட்டில் பிரசவ அறை ஜன்னலுக்குப் பச்சைத் திரை போட்டார்.

"என்ன டாக்டர், எங்களுக்குத் தெரியாம ஏதும் நடக்குதா?"

"பொம்பளைங்க வெக்கப்படுறாங்க மார்ஜரி. நீங்க கொஞ்சம் உங்க வீட்டையும் பாருங்களேன்."

அதற்காக நான் கோபப்படவில்லை. பெயர் போடாமல் மூன்று மொட்டைப் பெட்டிசம் எழுதினேன், அவ்வளவுதான். ஒன்று தமிழில், இரண்டு சிங்களத்தில். அழுக்குக் கையோடு பிரசவம் பார்க்கிறார் என்று. சுகாதாரக் கந்தோருக்கு எழுதினால் கோப்புக்குள் தூங்கிவிடும். நோயாளி வழக்குப் போட்டால் டாக்டருக்காகப் பணம் கட்டும் உங்கள் காப்புறுதிக் கம்பெனிக்கே அனுப்பினேன். விலாசம் அவர் சுவர்க் கலண்டரில் இருந்தது.

பிரசவம் பார்ப்பதென்றால் இனி மூன்று மடங்கு காப்புறுதிப் பணம் கட்டு என்றீர்களாம். அவரால் முடியவில்லை. அறையைப் பூட்டினார். திரையையும் கழற்றினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

இந்த மார்ச்சில் பக்கத்து வீட்டுத் தெரேசாவுக்கு நாளாகுமுன்பே வலி கண்டது. அவள் புருஷன் அந்தோனிமுத்து கைத்தாங்கலாகக் கூட்டிப்போனான். டாக்டர் வாசலிலேயே நின்றார்.

"நான் தொட்டு ஏதும் ஆச்சுன்னா கம்பெனி கைவிரிச்சிரும், அந்தோனி. இருக்கிற டிஸ்பென்சரியும் போயிரும். மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

சொல்லும்போது தெரேசாவின் முகத்தை அவர் பார்க்கவேயில்லை.

வாடகைக்கு ஓடும் புஹாரியின் வேனில் நானும் ஏறினேன். என்ன நடந்தது என்று சொல்ல ஒருவர் வேண்டுமே. வழியில் ராணுவ செக்பொயிண்டில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டை, பை, சீட்டுக்கு அடி என்று ஒரு மணி நேரம் சோதனை.

"மார்ஜரி அக்கா, டாக்டரு ஏன் மாட்டேன்னாரு?" என்றாள் தெரேசா.

"பயம்டி" என்றேன். உண்மைதானே.

பிள்ளை வேனிலேயே பிறந்தது. அழவில்லை. ஆண்பிள்ளை என்று ஊருக்குச் சொன்னதும் நான்தான்.

ஆமாம் ஐயா, உங்கள் கையில் இருக்கும் மூன்றும் நான் எழுதியவை. அழுக்குக் கை நானாகச் சேர்த்தது. அவர் கை எப்போதும் சவர்க்காரம் மணக்கும். ஆனால் போன கிழமை அனுப்பிய நாலாவதை வாசித்தீர்களா? வலியோடு வந்தவளை வாசலோடு திருப்பிய டாக்டரைப் பற்றியது. அதில் ஒரு சொல் பொய்யில்லை. ஒரு பச்சைப் பிள்ளையின் உயிர் விஷயம் என்பதால், இந்த முறை என் பெயரையே போட்டிருக்கிறேன்.