முதல் வரியில் எழுநூற்று எண்பத்தாறு

ஹலோ... அத்தா, நிலோபர்தான்... ஆமா, ஆமா, சென்னையில ஆபீஸ்லதான் இருக்கேன், சொல்லுங்க... என்னது, இன்னும் இறக்கலையா? விடியுமுன்ன லோயர் கேம்ப்பத் தாண்டுன லாரியாச்சே!... கொச்சி கம்பெனி கேட்டுலயே நிக்கிதா? இந்த வெயில்லயா? திராட்சை பூராம் உதிர்ந்துருமேத்தா!... தெரியும், தெரியும், மருந்து டெஸ்ட் ரிப்போர்ட் மெயில்ல போய்ச் சேராம அவுக இறக்க விடமாட்டாக... பதறாதீக.

நம்ம கடைக் கம்ப்யூட்டர் பாக்குற கிருபாவதி அக்கா எங்க?... லீவா! அப்ப ரிப்போர்ட் ஃபைல யாரு போட்டது?... நீங்களா!... இல்லத்தா, திட்டல. என் ஜாவா புரோகிராமுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அந்த ஃபோல்டர்ல ஃபைல் விழுந்தா, மொத வரியில எந்த நம்பர் இருக்கோ அந்த ஆளுக்குத் தானா மெயில் போயிரும். கம்பெனி நம்பர் நாப்பத்திரெண்டு, போட்டீகள்ல?... ரெண்டாவது வரியிலயா? அப்ப மொத வரியில?...

யா அல்லா.

எழுநூத்தி எம்பத்தாறா?... ஆமா, ஆமா, பிஸ்மி இல்லாம எதையும் தொடங்க மாட்டீக, மளிகைச் சீட்டுக்கே போடுவீக... எனக்குத் தெரியும்த்தா, கம்ப்யூட்டருக்குத் தெரியாதே!... இருங்க, யாருக்குப் போச்சுன்னு பாக்குறேன்... ம்...

அத்தா... அது நம்ம தம்பி நம்பரு... அஸ்லம்தான், வேற யாரு! அவன் கொச்சியில நம்ம ஏவாரம் பாத்தப்ப, "எம் மவனுக்கு அந்த நம்பரக் குடு"ன்னு நீங்கதான சொன்னீக?... சரிதான், வேற வேலைக்குப் போயிட்டான்னு பேச்ச நிறுத்துனதும் நீங்கதான். ஒரு வருசமா உங்க போன் வராதான்னு அந்தக் கொச்சியிலயே கெடக்கான்... சரி, சொல்லல, சொல்லல! கத்தாதீக! மொத அந்த வரிய அழிங்க... அழிச்சாச்சா? நாப்பத்திரெண்டு மேல வந்துருச்சா? இப்ப சேவ் பண்ணி...

என்ன, இன்னொரு போன் அடிக்குதா? டிரைவர் ஒச்சாண்டி அண்ணனா? எடுங்க, எடுங்க, நான் லைன்லயே இருக்கேன்...

அத்தா?... என்ன சொல்றாக?... கேட்டத் தொறந்துட்டாகளா! எப்படி? கம்பெனிக்கு இன்னும் மெயிலே போகலையே!... பிரிண்ட் எடுத்து ஓடியாந்து குடுத்தது யாரு?...

...அவனா.

அத்தா... அழுறீகளா?... இன்னும் ஒச்சாண்டி அண்ணன் பக்கத்துலதான் நிக்கிறானா?... என்ன பேசன்னு என்கிட்டயா கேக்குறீக? "சாப்பிட்டியா"ன்னு கேளுங்க, போதும்... ஆமா, ஆமா, அந்தப் போன்லயே. நான் வச்சிர்றேன்.