விரல் விரிய விளித்தவருக்கு

ஹைஃபா நகர யூத அடக்கச் சங்கத்தின் மகளிர் நீராட்டறையில் முப்பத்தோராண்டு முன்னின்ற முதல்வியே! மறுமொழி சொல்லாத மாதரையும் மகளாய்க் கொஞ்சிய மாண்பினரே! பிரெய்தல் சில்பர்மன் அம்மையாரே! பணி நிறைவு பெறும் தங்களுக்கு எங்கள் அன்பும் வணக்கமும், மறைப்பானேன், கொஞ்சம் நடுக்கமும்!

இறந்த பெண்களை இளஞ்சூட்டு நீரில் கழுவி வெள்ளாடை உடுத்துவது நம் பணி. அவ்வறையில் வேண்டுதலும் இறந்தவரின் பெயரும் தவிர வேறு பேச்சு ஆகாது என்பது நம் விதி. வந்த அன்றே அதை மீறியவர் தாங்கள். எண்பது வயதுக் கிழவியையும் ஐரோப்பிய யூதரின் இத்திஷ் மொழியில் "மாமலெ" என்றீர்கள். பெற்ற குழந்தையைத் தாயே என்று கொஞ்சும் சொல். எபிரேயம் பேசி வாழ்ந்தவர் என்றால் "மோத்தெக்", தித்திப்பே என்றீர்கள். பிணத்தோடு என்ன கொஞ்சல் என்று எங்களில் ஒருத்தியான மசால், நம் சமய குருவான ரப்பியிடம் புகார் சொல்ல, தங்கள் வாய் கட்டப்பட்டது.

பதினொரு நாள் வாய் திறக்கவில்லை தாங்கள். அந்தப் பதினொரு நாளும் மூடிய கை ஒன்றுகூட எங்களுக்குத் திறக்கவில்லை! எதையும் பற்றிக்கொண்டு யாரும் மண்ணுக்குப் போகலாகாதே! உடல் விறைப்புதான் என்றார் மருத்துவர். நாங்களும் அப்படியே நம்பப் பார்த்தோம்.

பன்னிரண்டாம் நாள் துறைமுகத்தில் கிடைத்த பெண்ணொருத்தி வந்தாள். பெயர் தெரியாது, உற்றார் இல்லை. இரு கையும் இறுகியிருந்தன. இறந்தவரைத் தொடுமுன் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்பது நம் வழக்கம்; இவளிடம் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது என்று விழித்து நின்றோம். கடைசியில் மசாலே, "நீங்களே கூப்பிடுங்கக்கா, ரப்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

தாங்கள் குனிந்தீர்கள். "மாமலெ, நாங்கதான்டி. விட்டுடு கண்ணு."

சுண்டுவிரல் முதலாக ஒவ்வொன்றாய் விரிந்தன. உள்ளே ஒன்றுமில்லை. அன்று முதல் தங்களை யாரும் தடுக்கவில்லை.

சென்ற வாரம் தேநீர் வேளையில் மசால் தங்களிடம் ஒன்று கேட்டாள்: உங்கள் அம்மா உங்களை எப்படிக் கொஞ்சுவார்? ருமேனியாவிலிருந்து அநாதைப் பிள்ளைகளோடு கப்பலேறி வந்தவர் தாங்கள். தாங்கள் சொன்னீர்கள்: "என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லடி. நான் செத்தா என் கை திறக்காதுன்னுதான் பயம்."

அந்தச் சொல் எங்களைத் தூங்கவிடவில்லை, அம்மையீர்! பிறருக்கெல்லாம் வாரி வழங்கிய சொல் தங்களுக்கு இல்லாமல் போவதா? ஆகவே கூடி முடிவெடுத்தோம். இனி நாள்தோறும் காலையில் எங்களில் ஒருத்தி தங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைப்பாள். பிரெய்தல் என்று அழைக்கமாட்டாள். நம்மவர் வாழ்த்தும் வழக்கப்படி நூற்றிருபது ஆண்டு நோயின்றி வாழ்க! அத்தனை ஆண்டும் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொள்க! கண் மூடிக் கிடக்கும் அன்றைக்கு, அழைப்பது தங்களைத்தான் என்று தெரிய வேண்டும்.

இன்றே தொடங்குகிறோம். எழுந்து வா, மாமலெ. மடலை வாங்கிக்கோ. கையைத் திற.

இங்ஙனம்,
மசால் முதலாக, நீராட்டறை மகளிர் அறுவர்