பதினெட்டாவது குழி

மச்சான், கால்ஃப் மைதானத்தில் பதினெட்டுக் குழிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நடந்துதான் போக வேண்டும். உமைராவுக்குப் பிடித்தது அந்த நடைதான். பந்தைப் பற்றி அவளுக்கு அவ்வளவாக அக்கறை இல்லை.

ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் படியில் வைத்து ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். ஆபரேஷனுக்குப் பதினான்கு நாள் இருக்கும்போது உங்கள் தங்கை ஏன் உங்கள் சிறுநீரகத்தை வேண்டாம் என்றாள்? இதுவரை தெரியாது என்றே சொல்லி வந்தேன். எழுதுவது சுலபம் என்று தோன்றுகிறது.

தேவரா ஆஸ்பத்திரியில் அவளுக்கு டயாலிசிஸ் செய்த கூடத்தில் ஒரு டிவி இருந்தது. நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ஒரு நாள் அதில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கால்ஃப் ஆடிக்கொண்டிருந்தார்கள். பையைத் தாங்களே சுமந்துகொண்டு நடந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கிரிக்கெட்டுக்கு மாற்றச் சொன்னார்.

"இருக்கட்டும் சேட்டா, அந்தப் பொண்ணு அந்த மேட்டைத் தாண்டட்டும்" என்றாள் உமைரா.

அப்போது எங்கள் வீட்டு மாடிப்படியை அவளால் ஒரே மூச்சில் ஏற முடியாது.

அன்றிலிருந்து பிடித்துக்கொண்டாள். அவள் கண் மங்கியிருந்ததால் போனில் இருக்கும் பொடி எழுத்தை நான்தான் வாசிக்க வேண்டும். அங்கே பகலில் ஆடுவது நமக்கு இரவு. விடிந்ததும் சாயாவோடு போய் உட்கார்ந்து, முதல் குழியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்வேன். முடிவை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. போட்டி நடக்கும் மைதானத்தைச் சார்ட் தாளில் வரைந்து கொடுத்திருந்தேன். நான் வாசிக்க வாசிக்க அவள் விரல் அதன்மேல் நடக்கும். முதல் வருஷம் அரிசோனா, நிறையக் கள்ளிச்செடி. அடுத்த வருஷம் கலிபோர்னியா.

மாமி ஒரு நாள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "குண்டைக் குழியில தள்ளுறதுக்கு இவ்வளவு பெரிய பறம்பா? நாலு வீடு கட்டலாமே" என்றார்கள்.

"நாலு வீடா? மட்டாஞ்சேரியவே தூக்கி வைக்கலாம்மா. கொசுவையும் சேத்து."

அவள் தேர்ந்தெடுத்தது ஒரு சின்னக் கல்லூரி அணியை. அதில் ஸுப்ரியா என்று ஒரு பெண். பெயரைக் கேட்டதுமே நம்ம ஊர்ப் பொண்ணு என்று முடிவு செய்துவிட்டாள். அந்த அணி போன வருஷம் மே மாதம் இறுதி ஆட்டம் வரை வந்தது. ஐந்து பேருக்கு எதிரே ஐந்து பேர். மூன்று ஆட்டம் ஜெயித்த அணிக்குக் கோப்பை.

முந்தின நாள் டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் வரும்போது சொன்னாள்.

"அண்ணனுக்கு மூணு புள்ளைங்க. சுக்கு மூட்டை தூக்குற உடம்பு. அதை வெட்டணுமா?"

"அவர்தான் சம்மதிச்சிட்டாரே."

"அவன் சம்மதிப்பான். எனக்குத்தான் முடிவு பண்ணத் தெரியல. நாளைக்கு ஸுப்ரியா டீம் ஜெயிச்சா வாங்கிக்கிறேன். தோத்தா வேண்டாம்."

"இதுல பந்தயமா? ஹராம், உமைரா."

"பந்தயம் இல்லைங்க. யாராவது சொல்லணும், அவ்வளவுதான்."

சிரித்தாள். ஆனால் அவள் அப்படித்தான் என்று உங்களுக்கே தெரியும். எர்ணாகுளம் படகு ஜெட்டியில் முதலில் வருவது மட்டாஞ்சேரிப் படகா, வைப்பின் படகா என்று பார்த்துத்தான் என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். வைப்பின் படகு முதலில் வந்திருந்தால் இன்று நான் உங்களுக்கு எழுத வேண்டியிருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வாரம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "ஆபரேஷனோட எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. ஆயுசுக்கும் மருந்து, ஆயுசுக்கும் ஜாக்கிரதை. இனிமேதான் நீங்க கூட இருந்து பாத்துக்கணும்." நல்ல மனிதர். தவறாக ஒன்றும் சொல்லவில்லை. நான் அதுவரை ஒன்றரை வருஷம், வாரத்துக்கு மூன்று முறை, அவளை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு தோப்பும்படி பாலத்தைக் கடந்திருந்தேன். எனக்கு வயது முப்பத்தொன்று. 'இனிமேதான்' என்ற சொல்லை நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலை சாயா கொதிக்கும்போது அடுக்களையில் நின்று முடிவைப் பார்த்தேன். பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தாளை மடியில் விரித்து வைத்திருந்தாள். நான்கு ஆட்டங்களில் இரண்டு அவர்களுக்கு, இரண்டு இவர்களுக்கு. கடைசி ஆட்டம் ஸுப்ரியாவுடையது. பதினேழு குழி வரை இருந்ததை இருந்தபடி வாசித்தேன். இருவரும் சமம். பதினெட்டாவதில் ஸுப்ரியாவின் பந்து மணல் பள்ளத்தில் விழுந்தது என்றேன். இரண்டு முறை அடித்துத்தான் வெளியே எடுத்தாள் என்றேன். குழிக்கு ஆறடி தூரத்தில் நின்று அடித்தாள், ஓரத்தைத் தொட்டுவிட்டு விலகிப் போனது என்றேன்.

அவள் விரல் தாளில் பதினெட்டாவது குழியின் கொடிக்குப் பக்கத்தில் நின்றது.

"பாவம். ரொம்ப அழுதிருப்பா, இல்ல?"

"தெரியல. அதெல்லாம் போட மாட்டாங்க."

உண்மையில் போட்டிருந்தார்கள். ஐந்து பெண்களும் கோப்பையைச் சேர்த்துப் பிடித்திருந்த படம். ஸுப்ரியா அழுதுகொண்டுதான் இருந்தாள். பந்து மணலில் விழவேயில்லை. ஆறடி தூரத்திலிருந்து அடித்ததும் உள்ளே போயிருந்தது.

கோபத்தில் சொன்னதல்ல. அவள்மேல் எனக்கு வெறுப்பு ஒருநாளும் இருந்ததில்லை. முதல் பொய்யைச் சொன்னதும் அடுத்தது தானாக வந்தது. நிறுத்த முடியவில்லை.

"சரி, அண்ணனுக்குப் போன் போட்டுக் குடுங்க" என்றாள். போட்டுக் கொடுத்தேன். நீங்கள் சுக்குத் தூசி படிந்த சட்டையோடு ஓடி வந்தீர்கள். அவள் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினீர்கள். என்னைப் பார்த்து, "நீயாவது சொல்லு மாப்ளே" என்றீர்கள்.

"அவ இஷ்டம் மச்சான்" என்றேன்.

அதன்பின் முப்பத்தெட்டு நாள் இருந்தாள். மழை தொடங்கியிருந்தது. தினமும் காலையில் சொல்லிவிட வேண்டும் என்று எழுவேன். சாயா போடுவேன். குடிப்போம். நீங்கள் முழு உடம்போடு மூட்டை தூக்குவதைக் கடைத்தெருவில் பார்க்கும்போது, நான் செய்ததில் ஒரு நன்மையும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஜூன் கடைசியில், டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்டிருந்த குழாய் வழியாகக் கிருமி ஏறியது. மற்றது உங்களுக்குத் தெரியும்.

இந்த வருஷமும் போட்டி நடந்தது. அதே கலிபோர்னியா மைதானம் என்பதால் பழைய தாளே போதுமாக இருந்தது. தினமும் காலையில் கட்டிலில் விரித்து வைத்து உரக்க வாசித்தேன். ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை.

நான் மறைக்க நினைத்தேன் என்று நீங்கள் எண்ணக் கூடாது. அவள் இரண்டு முறை கேட்டாள். ஒரு முறை பாலத்தின் மேல், ஆட்டோவில் என் தோளில் சாய்ந்தபடி: "ஏங்க, நெஜமாவே அது உள்ள போகலையா?" இன்னொரு முறை ஆஸ்பத்திரியில், கடைசி வாரம். அப்போது பேச்சு சரியாக வரவில்லை. "நெஜமாவே?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு முறையும் போகவில்லை என்றேன்.

மூன்றாவது முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.