நின்ற வண்டிக்கு முப்பத்தொன்று

– முப்பத்தொண்ணு தங்கச்சி! மறுபடியும் அதே முப்பத்தொண்ணு. எல்லாம் என் தலையெழுத்து.

– கத்தாதண்ணே. என்ன முப்பத்தொண்ணு? காய்ச்சல் கணக்கும் இல்ல, வயசுக் கணக்கும் இல்ல.

– ஏசி கேஸோட பிரஷர். உங்க ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ்ல ஒரு சென்சார் இருக்கு, அது கம்ப்யூட்டருக்குச் சொல்ற கணக்கு. இவ்வளவு ஏறினா ஆபத்துன்னு கம்ப்ரசர ஓடவே விடாது. அதான் உள்ள அடுப்பு மாதிரி கொதிக்குது.

– எங்ககிட்ட இருக்கிறதே இந்த ஒரு வண்டி. பச்சப்புள்ளைங்கள எல்லாம் இதுலதான் ஏத்துறோம். எப்பக் கெடைக்கும்?

– ஃபோர்மேன் கம்ப்ரசர மாத்தணும்னு எழுதப்போறாரு. பார்ட்ஸ் வர பத்து நாள். கம்ப்ரசர் நல்லாத்தான் இருக்குன்னு நான் வாயக் குடுத்தேன். "அஞ்சு மணிக்குள்ள நிரூபி, இல்லன்னா நாளைலேருந்து டயர் கழட்டப் போ"ன்னுட்டாரு. இருவது வருஷ எலக்ட்ரீசியன்மா நான்!

– மணி நாலே முக்கால்.

– அது எனக்குத் தெரியாதா?

– வண்டி கடைசியா எப்ப ஓடுச்சு?

– காலைல. அதுலேருந்து இந்த ஷெட்டு நெழல்லதான் நிக்குது.

– சும்மா நிக்கிற வண்டிக்கா முப்பத்தொண்ணு?

– அதத்தான் நானும் கேட்டேன். நிக்கிற வண்டில எல்லாம் அடங்கி, இந்த வெயிலுக்கு ஏழு இருக்கணும். குழாய்ல பிரஷர் அளக்குற கேஜ் மாட்டிப் பாத்தேன், ஏழுதான். ஃபோர்மேன், "உன் கேஜ் ஓட்டை, கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"ங்கிறாரு. எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு.

– அண்ணே, ஒருத்தர் கட்டில்ல சாஞ்சு பேப்பர் படிச்சிட்டிருக்காரு. பிபி மெஷின் முந்நூறுன்னு காட்டுது. நான் அவர ஐசியூவுக்குத் தள்ளிட்டு ஓடுவேனா, கையில சுத்தின பட்டைய அவுத்துப் பாப்பேனா?

– பட்டைய... ஏய், பட்டைய! கம்ப்ரசருக்காகச் சண்ட போட்டேனே ஒழிய, சென்சாரோட ஒயரக் கழட்டிப் பாக்க மறந்துட்டேன். டார்ச்சப் பிடி. கீழ, இன்னும் கீழ. சாக்கெட்ட உருவுறேன்...

– அது என்ன பச்சையா?

– களிம்பு! எர்த் ஒயரு அரிச்சுப் போய் ஒத்த நூல்ல தொங்குது. எர்த் விட்டுப்போனா சென்சார் கணக்கு உச்சாணிக் கொம்புல ஏறி உக்காந்துக்கும், அதான் முப்பத்தொண்ணு!

– பேச்சக் கொறச்சு வேலையப் பாருண்ணே.

– சுரண்டியாச்சு... முறுக்கியாச்சு... டேப்பும் சுத்தியாச்சு. ஸ்க்ரீனப் பாரு. எவ்வளவு?

– ஏழு.

– இன்னொரு தடவ சொல்லு!

– ஏழுண்ணே, ஏழு! ஸ்டார்ட் பண்ணு!

– டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சா? கம்ப்ரசர் பிடிச்சிருச்சு! என் ராசாத்தி, பிடிச்சிருச்சு!

– ஐயோ, முகத்துல ஜில்லுன்னு அடிக்குது!

– யோவ், என்னய்யா இங்க கூத்து?

– வாங்க ஃபோர்மேன் சார், உள்ள கைய நீட்டிப் பாருங்க! நீங்க மாத்தச் சொன்ன அதே கம்ப்ரசர்தான். ஒயரு சார், வெறும் ஒயரு!

– யாருய்யா கண்டுபிடிச்சது?

– என் தங்கச்சி. நர்ஸு.

– நர்ஸா! நல்லாருக்குய்யா கத. நான் சொன்னா சொன்னதுதான்னு முப்பது வருஷம் ஓட்டிட்டேன், இன்னைக்குத் தோத்தேன். ஒத்துக்கிறேன்யா, டயர் வேலையெல்லாம் வேணாம். காலைலேருந்து மண்டைய இடிக்குது, இடது கை வேற மரத்துப்போன மாதிரி இருக்கு. அந்த எரிச்சல்ல உன் மேல பாஞ்சுட்டேன்.

– கை மரத்துப்போச்சா? இப்படி உக்காருங்க சார். சட்டைக் கைய மடிங்க. அண்ணே, வண்டிலேருந்து அந்த பிபி மெஷின எடு.

– ஏம்மா நர்ஸம்மா, எனக்கும் ஒயரு கழண்டிருக்கான்னு பாக்குறியா?

– பேசாதீங்க சார்... ம். அந்தக் கையும் குடுங்க.

– எவ்வளவும்மா காட்டுது?

– ரெண்டு கையிலயும் இருநூத்திப் பத்து, பட்டையும் சரியாத்தான் இருக்கு. அண்ணே, பின்கதவத் தெற. மொத ஆளா ஃபோர்மேன் சாரத்தான் ஏத்தணும்.