பூட்டிலிருந்து எடுத்த சொல்

இங்கே கோப்பி நன்றாக இருக்கிறது, மிஸ் சந்திரமதி. எங்கள் தளத்தில் தருவது கோப்பை கழுவிய தண்ணீர். தலைமை அலுவலகத்தின் விசாரணை அதிகாரியாக நேற்று நீங்கள் என்னிடம் எழுதி வாங்கியதில் ஒரு சிறு திருத்தம் உண்டு. அதற்காகத்தான் வந்தேன்.

தஞ்சோங் பகாரில் இந்தச் சிங்கப்பூர்க் கப்பல் கம்பெனிக்குக் கணினி வந்த நாள் முதல் அது என் பொறுப்பு. அதில் ஒரு கோப்பு இருக்கிறது. யார் யார் உள்ளே வரலாம், அவரவர் பாஸ்வேர்டு என்ன என்பதெல்லாம் அதில்தான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அதில் எழுதினால் கந்தலாகிவிடும். ஆகவே எழுத வருகிறவர் முதலில் பூட்டுப் போட வேண்டும். பூட்டு என்பது வெறுமையான இன்னொரு கோப்பு, அவ்வளவுதான். அது இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார், வெளியே நில்லுங்கள் என்று பொருள். பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டின் திரை மாதிரி. எங்கள் பங்குக் கோயிலில் நான் அந்த வரிசையில் நிற்பதில்லை. என்னைக் கண்டால் மற்றவர்கள் விலகி வழிவிடுவார்கள். கணினிக்கு அந்த மரியாதை தெரியாது.

பூட்டுக்கான புரோகிராமை எழுதியவன் நான். பூட்டு இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் போடு. அழகான இரண்டு வரி. எண்பத்தைந்தில் வேலைக்கு வந்த நாகூர் கனி என்ற பையன், கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அதைப் பிரித்துப் போட்டான்.

“ஆம்ப்ரோஸ் சார், பார்க்கறது ஒரு வேலை, போடறது ஒரு வேலை லா. நடுவுல இன்னொருத்தன் புகுந்துட்டா? டாய்லெட் காலியான்னு பார்த்துட்டு, டிஷ்யூ வாங்கப் போயிட்டு வந்து கதவத் திறக்கிற மாதிரி சார்.”

சிரித்தார்கள். எங்கள் பிரிவிலேயே வேலை செய்யும் என் மகன் சவரிராஜ்தான் உரக்கச் சிரித்தான். “கரெக்ட்தானேப்பா” என்றான். அலுவலகத்தில், அப்பா என்று. அந்த நாற்காலியை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்.

கனி பார்ப்பதையும் போடுவதையும் ஒரே கட்டளையாக்கினான். அதில் ஒரு சொல் சேர்த்தான். ஏற்கெனவே பூட்டு இருந்தால் தராதே என்று அதற்குப் பொருள். அந்தச் சொல் இருக்கும்வரை இரண்டாவதாக வருகிறவரை இயந்திரமே திருப்பி அனுப்பிவிடும். நல்ல வேலை. நான் மறுக்கவில்லை.

அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன்.

எடுத்தாலும் புரோகிராம் முணுமுணுக்காமல் ஓடும். கேட்டவர்க்கெல்லாம் பூட்டைக் கொடுக்கும். பிறகு, புதிய ஆட்களின் பெயர்களை இரண்டு பிரிவுகள் ஒரே வேளையில் ஏற்றும் மாதத் தொடக்கம் வரட்டும் என்று பொறுமையாக இருந்தேன். வந்தது. கோப்பில் பாதிப் பேரைக் காணோம். யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. கப்பல்கள் சரக்கு உத்தரவில்லாமல் நின்றன. புரோகிராம் அவனுடையது என்று மதியத்துக்குள் கனியை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

லிஃப்ட் வாசலில் கேட்டான்: “சார், அந்தச் சொல்லு நான் போட்டிருந்தேன் சார். உங்களுக்குத் தெரியும்ல?”

அவன் மறந்துவிட்டிருந்த குடையை எடுத்துக் கொடுத்தேன்.

நகல் எடுத்து வைத்த பழைய டேப்பில் கனி எழுதியது அப்படியே கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. அது கிடைத்ததும், மாற்றியது யார் என்று கேட்டீர்கள். கனி எழுதி ஒப்படைத்த பிறகு அதை மாற்றும் அதிகாரம் இருவருக்குத்தான்: எனக்கும், என் பாஸ்வேர்டு தெரிந்த சவரிராஜுக்கும். மிஸ் சந்திரமதி, குடும்ப மானம் என்று ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் அது என்னிடம் இருக்கிறது. சவரிராஜ் என்று சொன்னேன். அவன் மறுக்கவில்லை, கவனித்திருப்பீர்கள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல வளர்ப்பு. இன்று அவனைப் போலீசில் ஒப்படைக்கப் போகிறீர்களாம். அதைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இருந்திருக்காது.

ஆனால் நேற்று நான் வெளியே போகும்போது உங்கள் உதவியாளரிடம் நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. “ஒரே ஒரு சொல்லு லா. அத எடுத்தாப் போதும்னு கண்டுபுடிச்சிருக்கான் பாருங்க. என்ன மூளை! அப்பன மிஞ்சிட்டான்.”

அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பது என் வழக்கமல்ல. அவனுக்கு அந்த மூளை கிடையாது. செய்தது நான். என் பெயரை முழுமையாக எழுதுங்கள்.